பானையின் அடியில்

தோலில் சுருக்கம் இருந்தால் இன்னும் ஊறவில்லை என்று பொருள், கிழவியின் கையைப் போல இருக்கக் கூடாது, பிள்ளையின் கன்னத்தைப் போல இருக்க வேண்டும், அப்போதுதான் அடுப்பில் ஏற்றலாம் என்பாள் தெக்லா, நான் ஒரு ராஜ்மாவை எடுத்து விரலிடுக்கில் உருட்டிப் பார்க்கிறேன், சுருக்கம் பயற்றிலா என் விரலிலா தெரியவில்லை, கண்ணாடி எங்கே, ஃபிரிஜ் மேலே, இல்லை, அவள் கட்டில் பக்கத்து ஸ்டூலில், எடுக்கப் போனால் விழித்துக்கொள்வாள், விழித்தால் கண் முதலில் வாசலுக்குப் போகும், யாரோ அங்கே வந்து நின்று ஏதோ சொல்ல வேண்டும் என்று காத்திருப்பதைப் போல, பிறகுதான் என்னிடம் வரும். என் தங்கை. கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். இந்தத் தூத்துக்குடியிலிருந்து பத்தொன்பது வயதில் கன்னியர் மடத்துக்குப் போனவள், இத்தாலியில் ஒரு மலையடிவார மடத்தின் அடுப்படியில் ஆயுளைக் கழித்துவிட்டு, அந்த மடத்தையே மூடிய பிறகு போன வருஷம் என்னிடம் திரும்பி வந்தவள். போன மாதம் காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரியில் கிடந்தாள், காய்ச்சல் போய்விட்டது, போகும்போது பசியையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. காலையில் கஞ்சி கொடுத்தேன், உதட்டை மூடிக்கொண்டாள். நேற்றுப் பாலில் பிசைந்த இடியாப்பம், அதற்கு முன்னால் அவித்த ஆப்பிள், டாக்டர் எழுதிக்கொடுத்த பொடி, எல்லாவற்றுக்கும் அதே உதடுதான், கோபம் இல்லாத, பிடிவாதம்கூட இல்லாத, சும்மா மூடியிருக்கிற உதடு. தண்ணீர் மட்டும் இறங்குகிறது. டாக்டர் மெல்பா காலையில் வந்துவிட்டுப் போனாள், என்னிடம் இங்கிலீஷ் படித்த பெண், இன்னும் என் முன்னால் உட்காரத் தயங்குவாள். நின்றுகொண்டே சொன்னாள், "முழுங்குறதுல ஒரு தடையும் இல்ல டீச்சர், நல்லாப் பாத்துட்டேன். ஆனா உடம்பு கரைஞ்சிக்கிட்டே போகுது. இன்னைக்கு ஏதாவது உள்ள போச்சுன்னா பரவால்ல. இல்லாட்டி நாளைக்குக் காலையில ஆம்புலன்ஸ் அனுப்புறேன், மூக்கு வழியாக் குழாய் போட்டிரலாம்." நாளைக்குக் காலையில். அதற்கு முன்பே நேற்று இரவே நான் இதை ஊறப்போட்டிருந்தேன், எனக்கு முன்னால் என் கைக்குத் தெரிந்திருக்கிறது.

வெங்காயம், காரட், செலரி. மூன்றும் ஒரே அளவில், பயற்றை விடச் சின்னதாக, கடைசியில் எது எது என்று தெரியக் கூடாது என்பாள். செலரி இந்த ஊரில் கிடைக்காது, ஒரு தடவை பெரிய கடையில் பிளாஸ்டிக் உறைக்குள் வாடிக் கிடந்ததைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது செலரி இல்லக்கா, செலரியோட பிரேதம், ஒரு பூசை வச்சிட்டு வருவோமா" என்றாள், பில் போடுகிற பெண் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து முழித்தது நினைவிருக்கிறது. அதற்குப் பதில் கொத்தமல்லித் தண்டு. ரொம்பப் பொருந்தாது, ஆனால் பக்கத்தில் நிற்கும். நான் நறுக்குகிறேன், கத்தி பலகையில் படும் சத்தம் என்னுடையது தடுமாறித் தடுமாறி, அவளுடையது மழை தகரத்தில் விழுகிற மாதிரி இருக்கும், நான் ஹாலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன், இந்த ஒரு வருஷமாக என் வீட்டு அடுப்படிக்குள் எனக்கு இடம் இல்லை, வந்த மறுநாளே பிடித்துக்கொண்டாள், "நீ போய் உக்காருக்கா, நீ பாடம் எடுத்தது போதும்." பயறும் பாஸ்தாவும் சேர்ந்த இந்த சூப்பை, பாஸ்தா ஏ ஃபாஜோலி என்று அவள் சொல்லும்போது அந்தப் பெயர் பாறைமேல் ஓடுகிற தண்ணீர் மாதிரி இருக்கும், நான் சொன்னால் அதே தண்ணீர் குடத்துக்குள் விழுகிறது. ஏழைகளின் சாப்பாடு என்பாள். கறி வாங்க முடியாதவர்கள் பயற்றைப் போட்டார்கள், பயறு போதாதவர்கள் பாஸ்தாவைப் போட்டார்கள், இரண்டும் போதாதவர்கள் தண்ணீரைக் கூட்டினார்கள், அவ்வளவுதான், பெரிய வித்தை எல்லாம் இல்லை. ஆனால் குக்கர் கூடாது. விசில் அடித்து வேகவைத்தால் பயற்றுக்குப் பயம் பிடித்துவிடுமாம், உள்ளே கல்லாகவும் வெளியே கூழாகவும் நிற்குமாம். முதலில் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும், பிறகு சின்னத் தீயில் நாள் முழுவதும் கிடந்தாலும் கிடக்கட்டும். மெல்பா போனதுமே ஏற்றிவிட்டேன், இதோ தண்ணீர் சிவந்து, ஒரு குமிழி மட்டும் ஓரத்தில் வந்து வந்து உடைகிறது, தூங்குகிறவளின் மூச்சு மாதிரி, நான் குமிழியைப் பார்க்கிறேனா அவளை நினைக்கிறேனா, அந்த அறையில் சத்தம் இருக்கிறதா, இருமினாள், சரி, இருமினாள், இருமுவது நல்லது.

இரும்புச் சட்டியைப் போட்டு அவள் வைத்திருந்த ஒலிவ எண்ணெயை ஊற்றினேன், பாட்டிலின் அடியில் பச்சையாக ஒரு விரல் உயரம்தான் இருந்தது, கடைசியில் மேலே ஒரு நூல் விடுவதற்குக் கொஞ்சம் நிறுத்திவைத்துக்கொண்டேன், மேலே விடுகிற அந்த நூல்தான் முக்கியம், அது இல்லாவிட்டால் ஞானஸ்நானம் கொடுக்காத பிள்ளை என்பாள். ஒலிவ எண்ணெய். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை நற்கருணை கொண்டுவந்தபோது வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார், "நோயில் பூசுதல் கொடுத்துரலாமா டீச்சர், நல்லதுதானே, பயப்பட வேண்டியதில்ல." அதுவும் இதே எண்ணெய்தான், நெற்றியிலும் உள்ளங்கையிலும், முன்பெல்லாம் சாகக் கிடக்கிறவர்களுக்கு மட்டும் பூசியது. நான் இப்போதைக்கு வேண்டாம் ஃபாதர் என்று சொல்லிவிட்டேன், சொன்ன பிறகு, மடத்தில் வாழ்ந்தவளுக்கு அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார் என்று அன்றைக்கு முழுவதும் குடைந்தது, ஆனால் அது எனக்குக் கேட்கிற விதம் அப்படி, ஒரு கதவை மெதுவாகச் சாத்துகிற சத்தம், எண்ணெய் போட்ட கீல், சத்தமே வராமல் மூடுகிற கதவு. அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் போல. எண்ணெய் காய்ந்தது. கை அஞ்சறைப் பெட்டிக்குப் போனது, மூடி திறந்தது, அள்ளியது, போட்டது. பட பட என்று கடுகு வெடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. இத்தாலிக்காரன் சூப்பில் கடுகு. ஐயோ. ஐம்பது வருஷம் எண்ணெய் காய்ந்தால் கடுகு என்று பழகின கை, அதற்கு என்ன தெரியும், தீயை அணைத்துவிட்டுக் கரண்டியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கப் பார்த்தேன், ஓடுகின்றன, கண்ணாடி இல்லாமல் கடுகு எது கருகின சட்டி எது, வேறு எண்ணெய் இல்லை, எண்ணெயைக் கொட்டவும் முடியாது, நல்லெண்ணெயில் செய்தால் அது வேறு என்னவோ. அவள் நாக்கு ஒற்றைக் கடுகு மணியைக்கூடக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்து உதட்டை மூடிக்கொள்வாள். எதற்காக இதைச் செய்கிறேன், அந்த ஊர் ருசியைக் கொண்டுபோனால் அதற்காவது வாய் திறப்பாளே என்றுதானே, அதில் போய் இந்த ஊர் கடுகு. வெங்காயத்தைத் தள்ளினேன். வேறு வழியில்லை. வெங்காயம் எல்லாவற்றையும் மன்னிக்கும்.

காரட் வதங்கி, பூண்டு நிறம் மாறி, தக்காளியைப் பிழிந்துவிட்டு, அவள் புட்டியிலிருந்து ரோஸ்மேரி என்கிற வாசனைத் தழையின் காய்ந்த குச்சி ஒன்றை நுணுக்கிப் போட்ட நேரத்தில் முத்துக்கனி வந்தாள், காலையும் மாலையும் வந்து தெக்லாவுக்கு உடம்பு துடைத்து, துணி மாற்றி, முதுகில் பவுடர் போட்டுவிட்டுப் போகிறவள். செருப்பை விடுவதற்கு முன்பே மூக்கு உள்ளே வந்துவிட்டது. "என்னம்மா வாசம் இது, ஆஸ்பத்திரி மாரியும் இருக்கு, கோயில் மாரியும் இருக்கு." ரோஸ்மேரி என்றேன். "எங்க தெருவுல ஒரு ரோஸ்மேரி இருக்கா, அவ பக்கத்துல நின்னா கருவாடுதான் மணக்கும்." பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு பயறும் சிஸ்டரம்மாவுக்கா? வாயுல்லா பிடிக்கும். பெருங்காயம் போட்டியளா?" கடுகு போட்டதே போதும் முத்துக்கனி, அதுவே நான் தெரியாமல் போட்டது என்றேன். "கடுகும் போட்டாச்சா? பொறவென்ன, தேங்காய அரைச்சி ஊத்தி, புளியக் கரைச்சி விட்டுக் கொழம்புன்னு பேர் வச்சிருங்க, மத்தியானம் நானும் ஒரு கரண்டி வாங்கிட்டுப் போறேன். நீங்க சாப்டியளா?" ஆமாம் ஆமாம் என்றேன், இந்த ஊரில் யாரும் யாரையும் கேட்பதுதான், பஸ்ஸுக்கு நிற்கிறவன் பஸ்ஸுக்கு நிற்கிறவனைக் கேட்பான், பதில் யாருக்கு வேண்டும். அவள் வாளியோடு உள்ளே போனாள், தண்ணீர்ச் சத்தம், "கையத் தூக்குங்க சிஸ்டரம்மா, ஆங், ராசாத்தி" என்கிற குரல். வெளியே வந்தபோது முகத்தில் அந்தக் கேலி இல்லை. "எலும்பு தட்டுதும்மா. பொரட்டிப் போடவே பயமா இருக்கு." நைட்டியைப் பிழிந்தாள். "ஆனா முழிப்பாத்தான் இருக்காவ. என்னையப் பாத்துச் சாப்டியான்னு கேட்டாவ. வயிறு முட்டத் தின்னுட்டுத்தான் வாரேன் சிஸ்டர்னேன், சிரிச்சாவ பாத்துக்கிடுங்க, அப்பிடி ஒரு சிரிப்பு." என்னிடமும் கேட்கிறாள், காய்ச்சலுக்குப் பிறகு அவளிடம் மிஞ்சியிருக்கிற சில வார்த்தைகளில் அதுவும் ஒன்று, அம்மா, தண்ணீர், மணி அடிச்சாச்சா, சாப்பிட்டியா. நடுவில் நடுவில் அந்த ஊர் மொழியில் யாரையோ கூப்பிடுகிறாள். என்னிடம் கேட்கும்போது மட்டும் சிரிப்பது இல்லை. முத்துக்கனிக்குச் சிரிக்கிறாள், எனக்கு இல்லை, இப்படி அற்பமாக ஒரு பொறாமை இந்த வயதில், சுடுகிற பானை முன்னால்.

வதக்கியதைப் பயற்றோடு சேர்த்துவிட்டேன், இனி அதுவாக ஆக வேண்டும். சீஸ் தோல் ஒன்று இருக்க வேண்டும், பெட்டியில் துணி சுற்றிக் கொண்டுவந்தாள், கல் மாதிரி, சீஸ் முழுவதும் துருவித் தின்று தீர்ந்த பிறகு மிஞ்சுகிற மேல்தோல், நம் ஊரில் எறிந்துவிடுவோம், இது கொதிக்கிற சூப்பில் கிடந்தால்தான் ஆழம் வரும் என்பாள், ஃபிரிஜின் பின்பக்கம் கையை விட்டுத் துழாவினேன், கடைசித் துண்டு, போட்டேன், மூழ்கிப்போனது. எல்லாருடைய மிச்சமும் இவளிடம் வந்து சேரும். பத்தொன்பது வயதில் ரயிலேறியபோது அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைக் கூட வந்த பெண்களுக்கெல்லாம் பங்கு வைத்துவிட்டுக் கடைசியில் இலையில் ஒட்டியிருந்ததைத் தின்றதாக வந்ததும் சொன்னாள், அரை நூற்றாண்டுக்குப் பிறகு, நேற்று நடந்தது போல, "பருக்கை ஒண்ணுவிடாம வழிச்சேன்க்கா, அவ்வளவு ருசி." அந்த மடத்துச் சாப்பாட்டு அறையை அவள் சொல்லிச் சொல்லி நானே அங்கே இருந்துவிட்டு வந்த மாதிரி ஆகிவிட்டது, நீண்ட மேஜை, இரண்டு பக்கமும் கன்னியர்கள், ஒருத்தி நின்றுகொண்டு புனிதர் சரித்திரம் வாசிப்பாள், பேச்சு கிடையாது, கரண்டிச் சத்தம் மட்டும், சமைத்தவள் அடுப்படி வாசலில் கை கட்டி நின்று ஒவ்வொரு கிண்ணமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள், எல்லாருக்கும் போதுமா, யாருக்கு இன்னொரு கரண்டி. எல்லாரும் முடித்ததும் மடத்துத் தலைவியான மதர் தம் கரண்டியால் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார். டிங். அப்போதுதான் தெக்லா திரும்பி உள்ளே போவாள், நின்றபடியே பானைக்குள் கரண்டியை விடுவாள். "அடியிலதான் ருசிக்கா. மேல இருக்கிறது வெறும் சூப்பு. பயறெல்லாம் கரைஞ்சு, சீஸ் தோல் ஒட்டிக்கிட்டு, கொஞ்சம் பிடிச்சும் பிடிக்காமலும், அத மதர்கூடத் தின்னதில்ல." மிச்சம் இல்லாத நாளில் என்றேன். "ரொட்டி இருக்கும்." ரொட்டியும் இல்லாத நாளில். "பழகிரும்." எனக்குக் கோபம் வந்தது, கடவுளுக்கென்று போனவளைக் கொண்டுபோய் வேலைக்காரியாக்கி வைத்திருந்தார்கள் என்று கத்தினேன், அவள் சிரித்துக்கொண்டே, "இவ பெரிய மகாராணி. அத்தான் சாப்பிட்டு ஏப்பம் விட்டு எந்திரிச்ச பொறவுதான நீ தட்டையே எடுப்ப" என்றாள். இங்கேயும் அப்படித்தான் செய்தாள், என்னை மேஜையில் உட்காரவைத்துப் பரிமாறிவிட்டு நிற்பாள், நீயும் உட்காரேன் என்றால் "பழக்கம், விடுக்கா" என்பாள், நான் கை கழுவிவிட்டு வந்து பேப்பரை விரிக்கும்போது அடுப்படியிலிருந்து கரண்டி பானையின் அடியைச் சுரண்டும் சத்தம் வரும், சரக், சரக், அப்போது அது எனக்குக் கூசும், பல் கூசும், கதவைச் சாத்தேன்டி என்பேன். இப்போது அந்தச் சத்தத்தைக் கேட்க என்ன கொடுப்பேன் என்று என்னிடம் யாராவது கேட்டால்.

குழாய். அந்த வார்த்தையிலேயே வந்து நிற்கிறேன். ஆஸ்பத்திரியில் ஒரு முறை போட்டார்கள், இரண்டு பேர் தலையைப் பிடித்துக்கொள்ள, அவள் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது, அன்று சாயங்காலமே பிடுங்கிப் போட்டாள், மறுபடி போட்டு, இந்த முறை இரண்டு கையையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியில் கட்டிவிட்டார்கள், நர்ஸ் பிள்ளை கனிவாகத்தான் சொன்னாள், "வேற வழியில்லம்மா, அவங்க நல்லதுக்குத்தான்." பிறந்ததிலிருந்து ஒரு நிமிஷம் சும்மா இராத கைகள். அவள் கட்டை அவிழ்க்கச் சொல்லவில்லை, என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். நாளைக்குக் காலையில். நான் முடியாது என்று சொல்லலாம், மெல்பாவிடம் சொல்லலாம், சொன்னால் அவள் இப்படியே கரைந்து போவாள், போகவிட்டேன் என்றாகும், சரி என்று சொன்னால் கையைக் கட்டுவார்கள், கட்டவிட்டேன் என்றாகும், இரண்டுக்கும் நடுவில் ஒரு பானை சூப் வைத்திருக்கிறேன், கடுகு போட்ட சூப். எனக்கே தலை லேசாகச் சுற்றுகிறது, காலையில் என்ன சாப்பிட்டேன், அவள் வேண்டாம் என்ற கஞ்சியை, சிங்க் பக்கத்தில் நின்றுகொண்டே, ஆறிப்போனதை, இரண்டு வாய். இப்போதெல்லாம் அப்படித்தான், அவளுக்குக் கொண்டுபோவது, அவள் மறுப்பது, கொண்டுவந்து இங்கே அவள் கண்ணில் படாமல் அதையே விழுங்குவது, நோயாளி பட்டினி கிடக்கும்போது அவள் முன்னால் உட்கார்ந்து எப்படித் தின்பது, தொண்டையில் இறங்குமா. என் வீட்டுக்காரர் ராயப்பன் இருந்த காலத்தில் அவர் துறைமுகத்திலிருந்து எப்போது வந்தாலும் காத்திருப்பேன், அவர் போன பிறகு யாருக்குக் காத்திருப்பது என்று தெரியாமல் சாப்பிடவே மறந்துபோன நாட்கள் உண்டு, ஒரு மாலை முழுவதும் எதற்காகவோ காத்திருந்துவிட்டு, எதற்கு என்று யோசித்தால், ஓ, பசி.

பயறு வெந்துவிட்டது. ஒன்றை நசுக்கினேன், மெழுகு மாதிரி. பாதியைக் கரண்டியின் முதுகால் பானையின் பக்கத்தில் அழுத்தி மசித்தேன், குழம்பு கெட்டியாகி, நிறம் மாறி, பழைய செங்கல் நிறம், பிறகு பாஸ்தாப் பாக்கெட்டைப் பிரித்தேன், சின்னச் சின்னக் குழாய்கள், உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன், போயும் போயும் குழாய், இந்த வடிவத்தில்தான் இந்த வீட்டில் இருக்க வேண்டுமா, கடைக்காரனிடம் இதுதான் இருந்தது, தள்ளிவிட்டேன் எல்லாவற்றையும் கொதிக்கிற பானைக்குள், வேகட்டும், மெத்தென்று ஆகட்டும், மனிதர்கள் தின்கிற குழாயாகட்டும். கரண்டி நடுவில் நின்றால் சரி என்பாள். நிறுத்திப் பார்த்தேன், மெல்லச் சாய்ந்தது, இன்னும் கொஞ்சம், நின்றது. உப்புப் பார்க்க வேண்டும், பார்க்கவில்லை, அவளுக்கு முன்னால் எச்சில் பண்ணக் கூடாது என்று ஏதோ ஒன்று. கடைசி எண்ணெயை நூலாக விட்டேன், சிவப்பின் மேல் பச்சை வளையம் வளையமாக விரிந்தது. கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு போய், ஆறிப்போனால் திரும்பி வந்து, மறுபடி போய், என் முழங்காலுக்கு அது ஆகாது, பானையையே துணியால் பிடித்துக்கொண்டு அவள் அறைக்கு நடந்தேன், ஸ்டூலின் மேல், கண்ணாடியைத் தள்ளிவைத்துவிட்டு, பானையை இறக்கினேன்.

விழித்திருந்தாள். கண் வாசலில்தான் இருந்தது, நான் உள்ளே வந்தும் என் தோளுக்குப் பின்னால் வாசலைத்தான் பார்த்தது, பிறகு பானையைப் பார்த்தது, மூக்கு லேசாக விரிந்தது, நான் பார்த்தேன், விரிந்தது. "ஏட்டி தெக்லா, பாரு, உன் ஊர் சூப்பு" என்றேன், கிண்ணத்தில் எடுத்து ஊதி ஆற்றி ஸ்பூனைக் கொண்டுபோனேன். என்னைப் பார்த்தாள். "சாப்பிட்டியாக்கா." குரல் காகிதம் கசங்குகிற மாதிரி. "நான் அப்புறம் சாப்பிட்டுக்கிடுதேன், நீ வாயத் திற." உதடு மூடிக்கொண்டது. ஸ்பூனால் உதட்டைத் தொட்டேன், ஒரு சொட்டு வழிந்து தாடைக்கு ஓடியது, முந்தானையால் துடைத்தேன், "ஒரு வாய்டி, எனக்காக," முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வாசல் பக்கம், பொறுமையாக, கை இரண்டையும் வயிற்றின் மேல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு. அவ்வளவுதான். முடிந்தது. நாளைக்குக் காலையில். ஆவி முகத்தில் அடித்தது, பூண்டும் அந்த மருந்து வாசனைக் குச்சியும் வெந்த பயறும், அழுகை வந்தது, கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம், அதற்கெல்லாம் அடியில் வெட்கங்கெட்டுப் பசி வந்தது, கட்டில் பக்கத்து நாற்காலியில் விழுந்த மாதிரி உட்கார்ந்து அந்த ஸ்பூனை என் வாய்க்குள் வைத்துக்கொண்டேன். உப்பு குறைவு. ஆனால், ஆண்டவரே, எவ்வளவு நன்றாக இருந்தது. இன்னொரு வாய். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண் மறைக்க, கண்ணீர் கிண்ணத்துக்குள் விழ, செத்துக்கொண்டிருக்கிற தங்கையின் முன்னால் ஒருத்தி கபகபவென்று தின்கிறாளே என்று என்னை நானே பார்த்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் தின்றேன், கிண்ணம் காலியாகும் வரைக்கும், காலியானதும் ஸ்பூனை உள்ளே போட்டேன். டிங்.

அவள் திரும்பினாள். வாசலை விட்டு முழுவதுமாகத் திரும்பி என்னைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், அடி தெரிகிற கிண்ணத்தை, எத்தனை வருஷமாக எத்தனை கிண்ணங்களை அப்படிப் பார்த்த பார்வை. "போதுமாக்கா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். "இன்னொரு கரண்டி?" போதும்டி, வயிறு நிறைஞ்சிட்டு என்றேன், பொய் இல்லை. சிரித்தாள், முத்துக்கனிக்குச் சிரித்த சிரிப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும். பிறகு வயிற்றின் மேலிருந்த கை எழுந்தது, மெலிந்து, நரம்பு தெரிய, காற்றில் கொஞ்சம் தேடி, நான் நீட்டிய கிண்ணத்தைத் தாண்டிப் போய், ஸ்டூலில் இருந்த பானையின் விளிம்பைப் பிடித்தது. தலையணையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்த்தி, பானையைச் சாய்த்து அவள் மடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன், கரண்டியைக் கையில் கொடுத்தேன். சரக். ஒரு வாய். சுவரைப் பார்த்து மென்றாள், விழுங்கினாள், தொண்டை ஏறி இறங்கியதைக் கண் எடுக்காமல் பார்த்தேன். சரக். இத்தனை நாளும் நான் முதல் வாயை அவளுக்கே கொண்டுபோனேன், அவள் என்னுடைய கடைசி வாய்க்குக் காத்திருந்தாள், நானும் அவளுடையதற்கு, ஒரே வீட்டில் இரண்டு பேர் பந்திக்குப் பின்னால் நின்றுகொண்டு, முன்னால் பந்தியே இல்லை. அவள் திடீரென்று மெல்லுவதை நிறுத்தினாள். விரலை வாய்க்குள் விட்டு எதையோ எடுத்து, விரல் நுனியில் ஒட்டவைத்து என் கண்ணுக்கு நேரே நீட்டினாள், எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. கடுகு. "அக்கா" என்றாள், கோயிலில் பேசினால் அதட்டுவாளே அந்தக் குரலில். அதை நைட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் பானைக்குள் குனிந்தாள். சரக், சரக். பல் கூசவில்லை. கதவைச் சாத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அடியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, சீஸ் தோல் ஒட்டிக்கொண்ட இடம். நாளைக்குக் காலையில் இட்லி ஊற்ற வேண்டும். தேங்காய்ச் சட்னி அரைத்து, இந்த நாற்காலியை இன்னும் கொஞ்சம் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவள் கண் முன்னால் உட்கார்ந்து, நான் முதலில் சாப்பிட வேண்டும்.